ஒரு பிள்ளை, ஏழு இடம், ஒரு கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதம் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான் போகும். பிள்ளைகள் கேம்ஸ் ஆடுவார்கள். அப்பா பழைய பாட்டு கேட்பார். கல்யாணப் போட்டோக்கள் ஒரு போல்டரில் ஏறும். இரண்டாவது மாதம், “இதை வைத்து உருப்படியாக வேறு என்ன செய்யலாம்?” என்ற கேள்வி வரும். வீட்டு பட்ஜெட், பால் கணக்கு என்று அதற்கு வழக்கமான பதில்கள் உண்டு. இந்த மாதம் நான் சொல்லப்போகும் வேலை எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. பொருந்துகிற வீட்டில், அந்தக் கம்ப்யூட்டரால் ஆகக்கூடிய காரியங்களில் இதைவிட அவசியமானது வேறு இருக்காது.

அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள ஒருவர் வீட்டில் இருந்தால், அவருக்கான வைத்தியம், பயிற்சி, சான்றிதழ், உதவித்தொகை ஆகிய எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோர்த்து நடத்த வேண்டும். அந்த வேலையைத்தான் சொல்கிறேன்.

எல்லாம் மனப்பாடம்

புதுக் கம்ப்யூட்டரைப் பொருத்திக் கொடுப்பதற்காகக் கும்மிடிப்பூண்டியில் பல வீடுகளுக்குப் போகிறவன் நான். அதில் ஒரு வீட்டில் 19 வயதுப் பையன். ஆட்டிசம், கூடவே அறிவுசார் குறைபாடு, அவ்வப்போது வலிப்பும் வரும். அப்பாவுக்குச் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. “உங்களுக்கு இதில் என்ன போட்டுத் தரட்டும் அக்கா?” என்று அவன் அம்மாவிடம் கேட்டேன். எனக்கென்ன வேணும் என்று சிரித்தார். பிறகு பேச்சுவாக்கில் பையனுக்காக எங்கெங்கே போகிறார் என்று சொல்லத் தொடங்கினார். நான் விரல் விட்டு எண்ணினேன்.

பகலில் ஒரு பயிற்சி மையம். மாத்திரைக்கு உள்ளூர் அரசு மருத்துவமனை. வலிப்புக்குச் சென்னை சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனை. சான்றிதழுக்குத் திருவள்ளூர் அரசு மருத்துவமனை. உதவித்தொகை விஷயத்துக்கு அதே திருவள்ளூரில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். பேச்சுப் பயிற்சிக்கும் மதிப்பீட்டுக்கும் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பன்முகக் குறைபாடுடையோர் தேசிய நிறுவனம். கடைசியாக, பணம் வந்து சேரும் வங்கி. மொத்தம் ஏழு இடம்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதன் பாரம் தெரியும். திருவள்ளூர் நமக்கு மாவட்டத் தலைநகர், ஆனால் அது அரக்கோணம் ரயில் பாதையில் இருக்கிறது. நாம் கூடூர் பாதையில் இருக்கிறோம். ரயிலில் போவதென்றால் சென்னை வரை போய் வண்டி மாறித் திரும்ப மேற்கே போக வேண்டும். பஸ்ஸில் போனாலும் அரை நாள். முட்டுக்காடு சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில். நாமோ சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லை ஓரத்தில். கூட்டத்தைப் பார்த்தால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இந்தத் தூரம் போய், கவுண்டரில் “அந்தப் பழைய சான்றிதழ் ஜெராக்ஸ் எங்கம்மா?” என்று கேட்டால் என்ன ஆகும்? திரும்பி வர வேண்டியதுதான். கூட வந்த அப்பாவுக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு. பிள்ளைக்கு ஒரு வாரம் தூக்கம் போச்சு.

இந்த ஏழு இடத்துக்கும் ஒன்றுக்கொன்று தொடர்பு கிடையாது. மாத்திரையின் அளவை மாற்றிய டாக்டருக்குப் பயிற்சி மையத்தில் நடப்பது தெரியாது. மையத்து டீச்சருக்கு மாத்திரை மாறியது தெரியாது. எல்லாம் வந்து சேரும் ஒரே இடம் அம்மாவின் தலை. “எல்லாம் எனக்கு மனப்பாடம் தம்பி. நான் படுத்துட்டா யாருக்குத் தெரியும்?” என்றார் அவர். அவருக்குக் கம்ப்யூட்டரில் என்ன போட்டுத் தர வேண்டும் என்பது அப்போது எனக்குப் புரிந்தது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இந்தக் கோர்க்கும் வேலைக்கென்றே தனி ஆள் உண்டு. 1969-ல் வந்த லான்டர்மன் சட்டத்தின் கீழ் அங்கே 21 வட்டார மையங்கள் இயங்குகின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு சேவை ஒருங்கிணைப்பாளரை நியமித்து, அவரவருக்கென்று ஒரு திட்டத்தை எழுத்தில் போடுகிறார்கள். நம் மாநிலத்திலும் 2022-ல் உலக வங்கிக் கடன் கிடைத்த ‘உரிமைகள்’ திட்டத்தின் கீழ், எல்லாச் சேவையும் ஓரிடத்தில் கிடைக்க ‘விழுதுகள்’ என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. நல்ல முயற்சி. உங்கள் பக்கத்தில் அது இருந்தால் அவசியம் பதிந்துகொள்ளுங்கள். ஆனால் அங்கே போனாலும் முதலில் கேட்கப்போவது பிள்ளையின் முழு விவரத்தைத்தான். அதை நீங்கள்தான் கொண்டு போக வேண்டும்.

முதலில் ஒரு போல்டர்

சரி, கம்ப்யூட்டர் முன் உட்காருவோம். டெஸ்க்டாப்பில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து, ‘நியூ’ என்பதில் ‘போல்டர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பிள்ளையின் பெயரையே வையுங்கள். விண்டோஸில் போல்டர் பெயரைத் தமிழிலேயே கொடுக்கலாம். விண்டோஸ் 11-ல் தமிழ் தட்டச்சு தனியாக வாங்க வேண்டியதில்லை. ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’ போய்த் தமிழைச் சேர்த்துக்கொண்டால் தமிழ் 99, போனடிக் இரண்டு கீபோர்டுகளும் கிடைக்கும். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தி மொழியை மாற்றிக்கொள்ளலாம்.

அதற்குள் நான்கே நான்கு போல்டர் போதும்: சான்றிதழ்கள், மருத்துவம், பயிற்சி, பணம். பத்துப் பதினைந்து போல்டர் போட்டால் எது எங்கே என்று தேடுவதே ஒரு வேலையாகிவிடும்.

பைல் பெயரில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். முதலில் வருடம், பிறகு மாதம், பிறகு தேதி, அதன் பின் விஷயம். ‘2026-01-20 வலிப்பு டாக்டர் சீட்டு’ என்பது போல. இப்படி எழுதினால் பைல்கள் தாமாகவே தேதி வரிசையில் நிற்கும். தேதியை முன்னால் போட்டு எழுதினால் எல்லா வருடத்து ஒன்றாம் தேதியும் ஒன்றாகக் கலந்து நிற்கும். சின்ன விஷயம்தான், ஐந்து வருடம் கழித்துப் பாருங்கள், இதன் அருமை தெரியும்.

பெயர் வைக்கும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே குறைபாட்டுக்குப் பழைய தாளில் ஒரு பெயர், புதுத் தாளில் ஒரு பெயர் இருக்கும். 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. ஆட்டிசம் அதில் இல்லை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அது 21 ஆனது, ஆட்டிசமும் சேர்ந்தது. ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்று பழைய அட்டையில் இருப்பது இப்போது ‘அறிவுசார் குறைபாடு’. ஆட்டிசத்தை அரசுத் தாள்களில் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று எழுதுகிறார்கள். (இந்தப் பெயரை யார் வைத்தார்களோ, ஆட்டிசம் உள்ள ஒருவரோடு ஒரு நாள் இருந்து பார்த்திருந்தால் வைத்திருக்க மாட்டார்கள்.) பைல் பெயரில் தாளில் உள்ளபடியே எழுதி, பக்கத்தில் நீங்கள் வீட்டில் சொல்லும் பெயரையும் சேர்த்துவிடுங்கள். சர்ச் செய்யும்போது இரண்டில் எதை அடித்தாலும் கிடைக்கும்.

ஸ்கேனர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் கூகுள் டிரைவ் ஆப்பைத் திறந்து, கேமரா குறியைத் தொட்டு, தாளைப் படமெடுத்தால் ஓரத்தை நேராக வெட்டிப் பி.டி.எப். ஆக்கிக் கொடுக்கும். யூ.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இப்போது ஆன்லைனில்தான் விண்ணப்பம். அதில் போட்டோவும் கையெழுத்தும் குறிப்பிட்ட கேபிக்குள் இருந்தால்தான் ஏற்கும். எவ்வளவு என்பது அந்தத் திரையிலேயே இருக்கும். படம் பெரிதாக இருந்தால் அதை பெயின்ட் புரோகிராமில் திறந்து, கண்ட்ரோலுடன் டபிள்யூ கீயை அழுத்துங்கள். வரும் பெட்டியில் 100 என்பதை 50 என்றோ 30 என்றோ மாற்றி, வேறு பெயரில் சேவ் செய்யுங்கள். இதற்காகக் கடையில் போய்க் காத்து நிற்க வேண்டியதில்லை. ஒரிஜினல் சான்றிதழை மட்டும் லேமினேட் செய்துவிடாதீர்கள், அதன் மேல் சீல் வைக்க வேண்டி வரலாம்.

தேதிகள் தாமாக நிறம் மாறட்டும்

அடுத்தது ஒரு எக்செல் ஷீட். எக்செல் இல்லாதவர்கள் லிபர் ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பை இறக்கிக்கொள்ளலாம், அதில் உள்ள ‘கால்க்’ இதே வேலையைச் செய்யும். ஐந்து பத்தி போடுங்கள்: எது, எங்கே, கடைசித் தேதி, என்ன தாள் வேண்டும், யார் போகிறார்கள்.

என்னென்ன எழுதுவது? அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழ் சிறுவயதில் வாங்கினால் அது நிரந்தரம் அல்ல. 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்க வேண்டும். 18-ல் வாங்குவதுதான் ஆயுளுக்கும். 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் உள்ள ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. வெளிநோயாளிச் செலவு, தெரபிச் செலவுக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், மறந்தால் போயிற்று. ரயில் சலுகை, பஸ் பாஸ், பராமரிப்பு உதவித்தொகை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி.

எல்லாவற்றையும்விடப் பெரிய வரி 18-வது பிறந்தநாள். அதுவரை அப்பா, அம்மாதான் இயல்பான காப்பாளர்கள். 18 முடிந்த மறுநாள் முதல் சட்டத்தின் பார்வையில் பிள்ளை தனி ஆள். அவர் பெயரில் உள்ள பணம், சொத்து விஷயங்களில் பெற்றோர் கையெழுத்து போதாது என்ற நிலை வரலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சட்டப்படி காப்பாளரை நியமிக்க, மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர் அளவிலான குழு உண்டு. தொண்டு நிறுவனப் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் அதில் உறுப்பினர்கள். பல வீடுகளில் இந்த விஷயமே தெரிவதில்லை, வங்கியில் கேட்கும்போதுதான் தெரிய வருகிறது. பிள்ளைக்கு இப்போது 12 வயது என்றாலும் அந்தத் தேதியை இன்றைக்கே ஷீட்டில் ஏற்றிவிடுங்கள்.

இப்போது கம்ப்யூட்டரின் கைவரிசை. கடைசித் தேதிப் பத்தி முழுவதையும் தேர்வு செய்யுங்கள். ‘ஹோம்’ மெனுவில் ‘கண்டிஷனல் பார்மேட்டிங்’, அதில் ‘ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ்’, அதில் ‘எ டேட் அக்கரிங்’. வரும் பெட்டியில் ‘நெக்ஸ்ட் மன்த்’ என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். இனி அடுத்த மாதம் முடியப்போகும் தேதிகள் எல்லாம் ஷீட்டைத் திறந்தவுடன் சிவப்பாகத் தெரியும். அதே போல ‘திஸ் மன்த்’ என்பதற்கு மஞ்சள் நிறம் கொடுத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை, சம்பள நாளில், இதைத் திறந்து பாருங்கள்.

‘என்ன தாள் வேண்டும்’ என்ற பத்திதான் திருவள்ளூர் பயணத்தைக் காப்பாற்றும் பத்தி. ஒவ்வொரு முறை கவுண்டரில் கேட்டதையும் வீட்டுக்கு வந்ததும் அங்கே எழுதிவிட வேண்டும். அடுத்த முறை கிளம்பும் முன் அந்த வரியைப் பார்த்துப் பிரிண்ட் எடுத்துக்கொண்டால் போதும்.

ஒரு பக்கம் மட்டும்

இனி நான் சொல்வதற்குச் சட்டமும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். வேர்டில் ஒரே ஒரு பக்கம். தலைப்பு: ‘என்னைப் பற்றி’. பிள்ளையே பேசுவதுபோல எழுத வேண்டும்.

அந்த அம்மாவுக்கு டைப் செய்யத் தெரியாது. போனில் ஜிபோர்டு கீபோர்டில் மைக் குறியைத் தொட்டுத் தமிழில் பேசினார். அது எழுத்தாக மாறியது. அதை மெயிலில் அனுப்பி, கம்ப்யூட்டரில் காப்பி செய்து வேர்டில் ஒட்டித் திருத்தினோம். முதல் வரியில் நுண்ணறிவு அளவு எண்ணைப் போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த எண்ணைப் படித்து யாருக்கும் ஒரு தம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கத் தெரியாது. அவர் பேசப் பேச வந்தவை இவை:

“பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டேன். காது கேட்கும். மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு மறுபடி கூப்பிடுங்கள்.”

“‘வேணுமா?’ என்று கேட்டால் நானும் ‘வேணுமா’ என்றே திருப்பிச் சொல்வேன். வேணும் என்று அர்த்தம். வேண்டாம் என்றால் கையைத் தள்ளிவிடுவேன்.”

“தண்ணீர் ஸ்டீல் தம்ளரில்தான். பிளாஸ்டிக் பாட்டிலில் கொடுத்தால் தாகமாக இருந்தாலும் குடிக்க மாட்டேன்.”

“பின்னாலிருந்து தொடாதீர்கள்.”

“எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. காதில் அடித்துக்கொண்டால் எங்கோ வலிக்கிறது.”

“வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் இரும்பு கொடுக்காதீர்கள். மணி பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.”

கீழே மாத்திரையின் பெயர், அளவு, கொடுக்கும் நேரம், அம்மா அப்பாவின் போன் எண். அவ்வளவுதான், பக்கம் நிறைந்துவிட்டது. எழுத்து அளவு 14 வையுங்கள். அவசரத்தில் படிப்பவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

ஒரு மூலையில் போட்டோ. எந்தப் போட்டோ என்று பையனையே கேட்கச் சொன்னேன். திரையில் நான்கைந்தை வரிசையாக வைத்ததும், ரயில் பெட்டியின் ஜன்னல் ஓரம் எடுத்ததைத் தொட்டான். அவனைப் பற்றிய தாள் அல்லவா, அதில் அவன் தேர்ந்தெடுத்தது ஒன்றாவது இருக்க வேண்டும்.

இந்தத் தாளுக்குச் சீக்கிரமே வேலை வந்தது. அம்மாவுக்குப் பித்தப்பையில் ஆபரேஷன். ஐந்து நாள் ஆஸ்பத்திரி. சூளூர்ப்பேட்டையிலிருந்து சித்தி வந்து பையனோடு இருந்தார். பொங்கல், தீபாவளிக்கு வந்து போகிறவர்தான், தனியாக அவனைப் பார்த்துக்கொண்டதில்லை. முதல் நாள் ராத்திரி அவன் “வேணுமா, வேணுமா” என்று சொல்லிக்கொண்டே நடந்திருக்கிறான். தன்னிடம்தான் ஏதோ கேட்கிறான் என்று நினைத்து அவர், “எனக்கு ஒண்ணும் வேணாம்பா, நீ தூங்கு” என்று சொல்லியிருக்கிறார். பிறகு பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாள் ஞாபகம் வந்து படித்துவிட்டு, ஸ்டீல் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மூன்று தம்ளர் குடித்தானாம்.

ஐந்தரை மணிக் கூச்சல்

டாக்டரிடம் நாம் பொதுவாக எப்படிச் சொல்வோம்? “இப்பல்லாம் ரொம்பக் கத்துறான் சார்.” டாக்டருக்கு இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எப்போது, எத்தனை தடவை, எதற்குப் பிறகு என்பதுதான் அவருக்கு வேண்டும். சிறப்பாசிரியர்கள் இதற்கு மூன்று கட்டம் போடுவார்கள்: அதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதன் பின் என்ன நடந்தது. தேதியையும் மணியையும் சேர்த்தால் ஐந்து பத்தி. எக்செல்லுக்காகவே செய்தது போன்ற விஷயம்.

இந்த வீட்டில் மூன்று வாரம் எழுதினார்கள். சில நாள் அம்மா எழுதினார், சில நாள் அப்பா. வலிப்பு வந்தால் எத்தனை நிமிடம் என்பதும் அதே ஷீட்டில். முதலில் தேதி வரிசையில் பார்த்தபோது ஒன்றும் புலப்படவில்லை. ‘டேட்டா’ மெனுவில் ‘சார்ட்’ போய், தேதிக்குப் பதில் மணி என்ற பத்தியைத் தேர்வு செய்து வரிசைப்படுத்தினேன். கூச்சல் போட்ட நேரங்களில் பாதிக்கு மேல் மாலை ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவே வந்து குவிந்து நின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுகூட இல்லை.

அந்த ஷீட்டைப் பார்த்த மையத்து டீச்சர்தான் கேட்டார், “அந்த நேரத்துக்கு உங்க தெருவுல என்னம்மா நடக்கும்?” ஷிஃப்ட் விடும் நேரம். கம்பெனி பஸ்கள் வரிசையாக அந்தத் தெரு வழியாகத்தான் போகும், ஒவ்வொன்றும் திருப்பத்தில் ஏர் ஹாரன் அடிக்கும். பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய நமக்கு அது ஒரு சத்தமாகவே தெரிவதில்லை. ஐந்தேகால் மணிக்கு அவனைப் பின்கட்டு அறைக்கு அழைத்துப்போய்க் காதில் ஹெட்போன் மாட்டிப் பாட்டு போட்டார்கள். கூச்சல் அடியோடு நின்றது என்று சொல்ல மாட்டேன். வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது. அடுத்த முறை சென்ட்ரல் போனபோது அந்த ஷீட்டின் பிரிண்டை டாக்டர் இரண்டு நிமிடம் படித்தாராம். கூச்சலுக்கென்று புதிதாக மாத்திரை எதுவும் எழுதவில்லை. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை, ஷீட்டைப் பார்த்து நாமே செய்துவிடக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

பயிற்சியில் முன்னேற்றத்தைக் குறிக்கவும் இதே வழிதான். சென்னையில் உருவான எம்.டி.பி.எஸ். என்ற மதிப்பீட்டு முறை இந்தியா முழுக்கச் சிறப்புப் பள்ளிகளில் புழங்குகிறது. ஜெயச்சந்திரன், விமலா இருவரும் உருவாக்கியது. சாப்பிடுவது, உடுத்துவது, பணம், நேரம் என்று 18 துறைகள், ஒவ்வொன்றிலும் 20 திறன்கள், ஆக 360 வரிகள். எல்லாம் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவை. டீச்சர் இந்த மூன்று மாதத்துக்கு எந்த நான்கைந்தை எடுத்திருக்கிறார் என்று கேட்டு, அவற்றை மட்டும் ‘பயிற்சி’ போல்டரில் ஒரு ஷீட்டில் போடுங்கள். மையத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைதான் குழம்பும்.

பதினேழு ஸ்டேஷன்

பெரியவர்களுக்கு ஷீட் போட்டாயிற்று. பையனுக்கு? ஆட்டிசம் உள்ள பலருக்குச் சொல்வதைவிடக் காட்டுவது பிடிபடும். அடுத்து என்ன நடக்கும் என்பது தெரியாததுதான் அவர்களுக்குப் பெரிய பயம். படங்களை வரிசையாக ஒட்டிக் காட்டும் பட அட்டவணை அந்தப் பயத்தைக் குறைக்கும். ஸ்பெயினில் உள்ள அரகான் மாநில அரசு ‘அராசாக்’ என்ற பெயரில் இதற்கென்றே ஆயிரக்கணக்கான படங்களை இலவசமாகக் கொடுக்கிறது. விற்பனைக்குப் பயன்படுத்தக் கூடாது, வீட்டில் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனாலும் உங்கள் வீட்டுத் தம்ளரையும் உங்கள் வீட்டு வாளியையும் போனில் எடுத்துப் போடுவதற்கு ஈடில்லை என்பது என் அபிப்பிராயம்.

சென்ட்ரல் பயணம்தான் இந்த வீட்டில் பெரிய பாடு. எப்போது இறங்குவோம் என்று தெரியாமல் பொன்னேரி தாண்டுவதற்குள் எழுந்து வாசலுக்கு நடக்கத் தொடங்கிவிடுவான். எனவே வேர்டில் ‘இன்சர்ட்’, ‘டேபிள்’ போய், ஒரே பத்தியில் பதினேழு கட்டம் போட்டோம். மேலே கும்மிடிப்பூண்டி, கீழே மூர் மார்க்கெட். நடுவில் கவரப்பேட்டை, பொன்னேரி, அனுப்பம்பட்டு, மீஞ்சூர் என்று ஆரம்பித்துக் கொருக்குப்பேட்டை, பேசின் பிரிட்ஜ் வரை ஒவ்வொரு ஸ்டேஷனின் மஞ்சள் பெயர்ப் பலகைப் படம். அப்பா இரண்டு நாள் வேலைக்குப் போகும்முன் ரயிலில் போய் எல்லாவற்றையும் எடுத்து வந்தார். மீஞ்சூர் மட்டும் மங்கல். பிரிண்ட் எடுத்து அட்டையில் ஒட்டிக் கையில் ஒரு ஸ்கெட்ச் பேனா கொடுத்தார்கள். ஸ்டேஷன் வர வர அடித்துக்கொண்டே வருகிறான். இப்போது விம்கோ நகர் வரை உட்கார்ந்திருக்கிறான். அதற்கப்புறம் கொஞ்சம் நடை உண்டு.

பேச்சே வராத பிள்ளைகளுக்குப் படத்தைத் தொட்டால் பேசும் ஆப்கள் இருக்கின்றன. சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய ‘ஆவாஸ்’ அதில் முக்கியமானது. கோட்டூர்புரம் வித்யாசாகர் அமைப்புப் பிள்ளைகளோடு பழகி வளர்ந்தது அது. தமிழிலும் பேசும். கட்டணம் உண்டு என்பதால் வாங்கும் முன் பேச்சுப் பயிற்சியாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூட்டும் சாவியும்

இவ்வளவையும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்து அது ஒரு நாள் படுத்துவிட்டால்? மாதம் ஒருமுறை ஷீட்டைத் திறக்கும் அதே நாளில் போல்டர் முழுவதையும் பென் டிரைவில் காப்பி செய்யுங்கள். அந்தப் பென் டிரைவ் உங்கள் வீட்டில் இருந்தால் பாதிப் பயன்தான். சித்தி வீட்டிலோ மாமா வீட்டிலோ இருக்கட்டும். கூகுள் டிரைவில் 15 ஜிபி வரை இலவசம், அங்கேயும் ஒரு காப்பி ஏற்றலாம்.

ஆதார், வங்கிப் புத்தகம், மருத்துவச் சீட்டு எல்லாம் உள்ள போல்டர் இது. பிரவுசிங் சென்டரிலோ ஜெராக்ஸ் கடையிலோ பிரிண்ட் எடுத்தால், அங்கே டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் விழுந்த காப்பியை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு எழுந்திருங்கள். வாட்ஸ்ஆப் குரூப்பில் சான்றிதழைப் போட்டு “இது சரியா பாருங்க” என்று கேட்காதீர்கள். பிள்ளை கத்தும் வீடியோவை டாக்டருக்குக் காட்டத்தான் எடுக்கிறோம், சொந்தக்காரர்களுக்கு அனுப்ப அல்ல.

ஷீட்டுக்குப் பாஸ்வேர்ட் போட ‘பைல்’, ‘இன்போ’, ‘புரொடெக்ட் ஒர்க்புக்’, ‘என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட்’. மறந்தால் திறக்கவே முடியாது, கவனம். அந்த அம்மா இதைப் போட்டுவிட்டு, “பாஸ்வேர்ட் எனக்கு மட்டும்தான் தெரியும்” என்று பெருமையாகச் சொன்னார். மறுபடியும் எல்லாம் அவர் தலைக்குள்ளேயே போய்விட்டதே! ஒரு தாளில் எழுதச் சொல்லி, கவரில் போட்டு ஒட்டிச் சித்தியிடம் கொடுக்க வைத்தேன். கவரின் மேல் பையன் பெயரை அம்மாவே தன் கையால் எழுதினார்.